பதினெட்டாவது வாய்

அந்த அறையில் யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. வாய் என்பார்கள். "இன்னைக்கு எத்தனை வாய் முடிச்ச?" "நாப்பது ஆச்சு, இன்னும் இருபது வாய் பாக்கி." பல் பிரிவில் இருந்த பதினாறு பேருக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுபது வாய். ஆஸ்பத்திரிகளிலிருந்து டாக்டர்கள் எழுதி அனுப்பும் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் புத்தகப்படி போட வேண்டும். எண் விழுந்தால்தான் காப்பீட்டுக் கம்பெனிக்கு அது நோய். எண் விழாத வலியைப் பற்றி அவர்களுக்குக் கவலை கிடையாது.

ஜன்னலோரம் மூன்றாவது நாற்காலியில் இருந்தவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் குறிப்பின் கடைசி வரியைப் பார்த்து எண்ணைத் தட்டிவிட்டு அடுத்த வாய்க்குப் போய்விடுவார்கள். அவள் முதல் வரியிலிருந்து படிப்பாள். நோயாளி நொண்டிக்கொண்டு வந்தான் என்று எழுதியிருந்தால், பல்வலிக்காரன் எதற்கு நொண்டினான் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "உனக்குச் சம்பளம் வாய்க்குத்தான்மா, காலுக்கு இல்ல" என்று டீம் லீடர் ஒருமுறை சொல்ல, அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். படிப்பதை மட்டும் விடவில்லை.

அந்த வாரம் பழச்சாறு ஆலையிலிருந்து பதினேழு வாய் வந்திருந்தது. எல்லாரும் ஆலை வளாகத்துக்குள்ளேயே கொட்டகையில் தங்கி வேலை செய்யும் ஒப்பந்த ஆட்கள். எல்லா வாயிலும் ஈறு வீங்கிக் கறுத்து, தொட்டால் ரத்தம். முழங்காலுக்குக் கீழே, அடிபடாமலே கன்றிப்போன நீலத் திட்டுகள். ஒருவனுக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆறிப்போன தையல் மறுபடி வாய் பிளந்திருந்தது. குறிப்பின் அடியில் ஆலை மருத்துவமனையின் பல் டாக்டரம்மா ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்: ஈறுநோய். பக்கத்தில், ஸ்கர்வி, ஒரு கேள்விக்குறி.

பழம், காய் எதையும் மாதக்கணக்கில் கண்ணால் பார்க்காதவர்களுக்கு வருவது ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் உடம்பு தன் தையலைத் தானே பிரித்துக்கொள்ளும். அதற்கு இ-54 என்று தனி எண் உண்டு. ஆனால் அவர்கள் பிரிவின் விதி ஒன்று இருந்தது. டாக்டர் உறுதியாக எழுதிய நோய்க்கு மட்டும்தான் எண். சந்தேகம் என்று எழுதினால், கேள்விக்குறி போட்டால், அந்த நோய் எழுதப்படாத மாதிரிதான். அதனால் பதினேழு வாய்க்கும் அவள் கே-05 போட்டாள். சாதாரண ஈறுநோய். சோம்பேறித்தனமாய்ப் பல் விளக்காத ஆளுக்கும் அதே எண்தான்.

பதினெட்டாவது வாய் புதன்கிழமை பதினோரு மணிக்கு வந்தது.

'ஆண். வயது முப்பத்தொன்று. பெட்டி தூக்கும் வேலை. மேல்வரிசை முன்பற்கள் நான்கு வேரோடு விழுந்துள்ளன. உதடு உள்பக்கமாகக் கிழிந்துள்ளது. ரத்தம் இரவு முழுவதும் நிற்கவில்லை. நேற்று மாலை நாலரைக்கு, பழம் திருடியதாக வாசல் காவலாளி அறைந்தார் என்கிறார். ஒரே ஒரு அறை என்று கூட இருந்தவர்களும் சொல்கிறார்கள். ஒரு அறைக்கு நான்கு பல் விழாது. ஸ்கர்வி?'

அவள் மூன்று முறை படித்தாள். அந்த ஆலையில் பகல் நேரத்துக்கு ஒரே ஒரு வாசல் காவலாளிதான். நேற்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வரும்போது வலது உள்ளங்கையில் தோல் கிழிந்திருந்தது. கேட் கொக்கி கிழித்துவிட்டது என்றான். அவள்தான் டெட்டால் வைத்துத் துடைத்து, துணி சுற்றிவிட்டாள். அந்தக் கை அவளுடைய அண்ணன் கை. அப்பா அம்மா போன பிறகு அந்தக் கைதான் அவளைப் படிக்க வைத்து இந்த நாற்காலியில் உட்கார வைத்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அன்று மாலை வீட்டில் சமையல் நடக்கவில்லை. அண்ணன் சீருடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவனுடைய அளவுக்கு ஆலையில் சட்டை இல்லை. தோள் தையல் முழங்கை வரைக்கும் தொங்கும். ஆலை ஆட்கள் அவனை ஒல்லி வாட்ச்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நேத்து யாரை அடிச்ச?" என்றாள்.

"யாரையும் இல்ல."

"நாலு பல்லு போயிருக்கு. ஃபைல் என்கிட்டதான் வந்திருக்கு."

அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் ஒரு அடி பின்னால் போனாள். கையில் கிடைத்த டம்ளரைச் சுவரில் எறிந்தான். அது நசுங்கி, உருண்டு, அடுப்படிக்குள் போயிற்று. "உன் வேலைய நீ பாரு! என் வேலையில மூக்கை நுழைச்ச, உன் பல்லையும் ஒடச்சிடுவேன்!" கை மேலே போயிருந்தது. மேலேயே நின்றது. பிறகு அந்தக் கையை யாருடையதோ மாதிரி பார்த்துவிட்டு, மெதுவாக இறக்கி, சுவரோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான்.

"ஒரு அறைதான் பாப்பா. சத்தியமா ஒண்ணுதான்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"வேலை முடிஞ்சு கொட்டகைக்குப் போறப்ப ஒவ்வொருத்தனும் வாயத் திறந்து காட்டணும். நான் டார்ச் அடிச்சுப் பாக்கணும். பல்லு இடுக்குல சுளை இருந்தா திருட்டு. மூணு மாசமா எல்லா வாயிலயும் ரத்தம்தான் தெரியுது. ரத்தத்துக்கு நடுவுல நான் சுளையைத் தேடிக்கிட்டு இருக்கேன். நேத்து இவன் திறக்கலை. வலிக்குது சார்னான். பாக்கெட்ல கை விட்டா ஆரஞ்சுத் தோலு. வெறும் தோலு, குப்பையில பொறுக்கினது. விட்டுடலாம்னுதான் இருந்தேன். பின்னாடி மேனேஜர் நின்னுட்டு இருந்தாரு. 'என்னடா, தடவிக் குடுத்துட்டு இருக்க? நாளைக்கு அவனை இங்க நிக்க வெச்சுட்டு உன்னை அனுப்பிடட்டுமா?'ன்னாரு. அறைஞ்சேன்."

"அப்புறம்?"

"பல்லு சத்தமில்லாம வந்துடுச்சு. மண்ணுலேருந்து செடியைப் பிடுங்கற மாதிரிகூட இல்ல. அவன் அழலை. குனிஞ்சு பல்லையெல்லாம் பொறுக்கிக் கையில வெச்சுக்கிட்டு, வாயை நல்லாத் திறந்து காட்டினான். 'பாருங்க சார், நான் திங்கலை'ன்னான்." அண்ணன் முகத்தை முழங்கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டான். "ராத்திரி பூரா அந்த வாய்தான் பாப்பா கண்ணுல நிக்குது."

அவளுக்கு அவனை அடிக்கவும் வேண்டும் போல இருந்தது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் வேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேட்டாள்:

"அங்க என்ன சாப்பாடு?"

"காலையில கஞ்சி. மத்தியானமும் ராத்திரியும் சோறு, பருப்புத் தண்ணி. ஏழு மாசமா அதான். கான்ட்ராக்டர் வண்டியில வரும். வெளிய போய் வாங்கிச் சாப்பிட கேட்டைத் திறக்க மாட்டோம்."

"அப்ப நான் சொல்றதைக் கேளு. அந்த ஈறெல்லாம் கொழஞ்சு போச்சு. நீ அறைஞ்சது தப்பு. ஆனா பல்லைப் பிடுங்கினது நீ இல்ல. அந்தச் சோறு."

அவன் தலையைத் தூக்கினான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் போல அவன் கண் விரிந்தது. "அதை உன்னால எழுத முடியுமா? போலீஸ் வந்தா நீதான் பாத்துக்கணும்னு மேனேஜர் இன்னைக்கே கையைக் கழுவிட்டாரு."

"டாக்டர் உறுதியா எழுதினா நான் நம்பர் போடலாம். அது முதல் நம்பரா விழுந்துட்டா காப்பீட்டுக் கம்பெனி கொட்டகைக்கு ஆள் அனுப்பிச் சாப்பாட்டைப் பாக்கும். தொழிலாளர் துறைக்கு லெட்டர் போகும். அப்புறம் யாரும் உன்னை மட்டும் கேக்க மாட்டாங்க."

"ஆனா அடிச்சதை எழுதாத பாப்பா."

அவள் நசுங்கிய டம்ளரை எடுக்கப் போனாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பதினெட்டு வாய்க்கும் விளக்கம் கேட்டு அனுப்பினாள். 'ஸ்கர்வி உறுதியா, சந்தேகமா? தெரிவிக்கவும்.' கேட்பதற்கு அவளுக்கு அனுமதி உண்டு. இப்படித்தான் எழுத வேண்டும் என்று டாக்டருக்குச் சொல்லித்தரத்தான் அனுமதி இல்லை. அரை மணி நேரத்தில் டாக்டரம்மா அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்துப் போனிலேயே வந்துவிட்டார். குரலைக் கேட்டால் சின்ன வயசுதான்.

"அந்தக் கேள்விக்குறி நானாப் போட்டது இல்லைங்க. மேனேஜர் சொல்லித்தான் போட்டேன். 'சந்தேகம்னு போட்டு வைங்க டாக்டர், உங்களுக்கும் நல்லது'ன்னாரு. சந்தேகம்னு போட்டா அங்க என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது மேடம். அதுக்குத்தான் போடச் சொல்லியிருக்காரு."

மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. "பதினெட்டையும் உறுதின்னு மாத்தி அனுப்பறேன். ஆனா அந்தக் கடைசி ஆளை அடிச்சதும் உள்ள இருக்கணும். அதை விட்டுட்டு அனுப்பினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஆளுக்கு இன்னும் ரத்தம் நிக்கலைங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கன்னு ரெண்டு நாளா கத்திட்டு இருக்கேன், வண்டி தர மாட்டேங்கறாங்க."

மதியத்துக்குள் பதினெட்டும் திரும்பி வந்தன. கேள்விக்குறி இல்லை. அவள் ஒவ்வொரு வாயிலும் முதல் வரியில் இ-54 போட்டாள், அதற்குக் கீழே கே-05. கடைசி வாயில் பல் விழுந்ததற்கு ஒரு எண், உதட்டுக்கு ஒரு எண். மிச்சம் ஒன்று இருந்தது. ஒய்-04: மற்றொருவர் கையால் தாக்கப்பட்டது. விசைப்பலகையில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். போடாவிட்டால் டாக்டரம்மா குறிப்புக்கும் எண்ணுக்கும் ஒத்துப்போகவில்லை என்று தணிக்கையில் மொத்தமும் திருப்பி அடிப்பார்கள். பதினெட்டு வாயும் போய்விடும். போட்டால் அண்ணன்.

அவளுடைய எட்டு வருஷ அனுபவம் ஒன்றைச் சொன்னது. எல்லாரும் பார்ப்பது முதல் எண்ணை. எதற்காக வந்தான் என்பதற்கு முதல் எண்தான் பதில். கம்பெனியின் பட்டியலில் ஏறுவதும் அதுதான். அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் சீண்டமாட்டார்கள். அந்த நம்பிக்கையில் ஒய்-04ஐக் கடைசியில், ஐந்தாவது வரியில் தட்டி அனுப்பினாள். மனசு லேசாக இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் தக்காளி வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு டீம் லீடர் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். மோசமான மனிதர் இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய வாய்களைத் தானே முடித்துக் கொடுத்தவர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரே ஆலையில பதினெட்டு இ-54. என்னம்மா பண்ணி வெச்சிருக்க? ஒண்ணு ரெண்டு வந்தா நோய். பதினெட்டு வந்தா அது கேஸ். மேலேருந்து காலையில நாலு போன். ஆலைக்காரங்க கான்ட்ராக்டையே எடுத்துட்டுப் போறேங்கறாங்க."

"டாக்டர் உறுதின்னு எழுதியிருக்காங்க சார்."

"அந்த டாக்டரம்மாவை இன்னைக்குக் காலையில வேலையிலேருந்து அனுப்பிட்டாங்க. புது டாக்டர் வந்து பதினெட்டையும் பாத்துட்டு, மறுபடி சந்தேகம்னு எழுதிட்டாரு."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒவ்வொரு வாயாகத் திறந்தார். முதல் வரியைத் தேர்ந்தெடுத்தார். அழித்தார். இரண்டாவது வரி மேலே ஏறி முதல் வரி ஆயிற்று. கே-05. அடுத்த வாய். அழித்தார். பதினேழு முறை ஒரே சொடக்குச் சத்தம். பதினெட்டாவதில் இ-54ஐ அழித்துவிட்டு மூட்டையைக் கட்டி முடித்தவர் போலக் கையைத் தட்டிக்கொண்டார்.

"சார், அதுல கடைசி வரி."

"எது, ஒய்-04ஆ? அது இருக்கட்டும். ஆலைக்காரங்களே அதை இருக்கட்டும்னுதான் சொன்னாங்க."

"அதையும் எடுத்துடுங்க சார்."

"எப்படிம்மா எடுக்கறது? புது டாக்டரும் அடிச்சாங்கன்னுதானே எழுதியிருக்காரு. எழுதியிருக்கறதை எடுக்கறது தப்பு. உனக்கு நான் சொல்லணுமா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அது ஒரு தனி ஆள் பண்ணது. கம்பெனிக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

"அந்த ஆள் எங்க அண்ணன் சார்!"

அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. டீம் லீடர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் கண்ணில் முதலில் இரக்கம்தான் வந்தது. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது.

"அப்படின்னா நீ இந்த ஃபைலைத் தொட்டிருக்கவே கூடாதும்மா" என்று தணிந்த குரலில் சொல்லி, அங்கேயே அவளுடைய கடவுச்சொல்லை முடக்கினார். "ஒரு வாரம் வீட்ல இரு. நான் பேசறேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது போன் அடித்தது. முந்தின நாள் அவள் கொடுத்திருந்த எண்ணில், வேலை போன டாக்டரம்மா.

"அந்த ஆள் போயிட்டாருங்க. பன்னெண்டரைக்கு. வாயிலயும் மூக்கிலயும் ரத்தம், கடைசியில மூச்சே விடலைன்னு கொட்டகையிலேருந்து போன் பண்ணாங்க. அங்க ஆளுங்க எல்லாம் பொங்கிக்கிட்டு இருக்காங்க. வேலை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்றதுக்குள்ள அந்த வாட்ச்மேன் அங்கேருந்து போயிட்டா நல்லது. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது சொல்லிவிட முடியுமா?"

மணி நாலேகால். அண்ணனுக்குப் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது; வேலை நேரத்தில் போனைக் காவல் கூண்டுக்கு வெளியே பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். அவள் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆலைக்கு ஓடினாள். ஒரு செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் விட்டுவிட்டு ஓடினாள். ஆலை வாசலுக்கு வந்தபோது வேலை முடிந்த மணி அடித்து ஓய்ந்திருந்தது.

கம்பிக் கேட்டுக்கு உள்ளே இருநூறு பேர் நின்றார்கள். அலுவலகப் படியில் மேனேஜர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். "மருத்துவ அறிக்கை வந்துவிட்டது. நம் தோழருக்கு இருந்தது சாதாரண ஈறுநோய். அவர் உயிர் போனதற்குக் காரணம் காவலாளியின் தாக்குதல். இது எண்ணோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் காவலாளி இந்த நிமிஷத்திலிருந்து நம் ஆலை ஊழியர் இல்லை." அந்தத் தாளை அவளுக்குத் தெரியும். அதன் அடிவரியில் எண்ணைப் போட்டவரின் ஊழியர் எண் இருக்கும். அவளுடைய எண்.

மேனேஜர் ஒலிபெருக்கியை அணைத்தார். பக்கத்தில் நின்ற இரண்டு கிடங்குக் காவலாளிகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர்கள் கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கிடங்குப் பக்கமாக நடந்து போனார்கள். மேனேஜரும் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் கூண்டுக்குள் நாற்காலியின் மேல் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றான். முதலில் போனவர்கள் அவனுடைய அந்தப் பெரிய சட்டையைப் பிடித்து இழுத்ததில் சட்டை மட்டும் கையோடு வந்தது. பிறகு முடியைப் பிடித்து இழுத்தார்கள். தரையில் விழுந்ததும் பழப்பெட்டியால் ஒருவன் முகத்தில் அடித்தான். பெட்டி உடைந்து விளிம்பு கன்னத்தைக் கிழித்தது. இன்னொருவன் உடைந்த துண்டை எடுத்து வாயிலேயே குத்தினான். "பல்லு! பல்லு! அவன் பல்லை எடுங்கடா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். குதிகாலால் வாயில் மிதித்தார்கள். அண்ணன் திருப்பி அடிக்கவில்லை. வலது கையைத் தலைமேல் வைத்திருந்தான். ஒருவன் அந்தக் கையைப் பிரித்துத் தரையில் விரித்துப் பிடிக்க, இன்னொருவன் பெட்டியை அதன்மேல் போட்டு ஏறி நின்றான்.

அவள் கேட் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். யாரோ தாழ்ப்பாளைத் தட்டிவிட, உள்ளே போய் விழுந்தாள்.

"அவர் கொல்லலை! உங்க சோறுதான்! உங்க எல்லாருக்கும் அதே நோய்தான், வாயைப் பாருங்க, உங்க வாயைப் பாருங்க!"

யாருக்கும் கேட்கவில்லை. அடிப்பவர்கள் அதிக நேரம் அடிக்க முடியாமல் மாறி மாறி வந்தார்கள். நாலு அடி அடித்தவன் இளைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தான். ஓங்கி உதைத்த ஒருவன், தன் முழங்காலையே பிடித்துக்கொண்டு அலறி உட்கார்ந்தான். கத்தியவர்களின் வாய்களிலிருந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி கத்தினார்கள்.

ஒருவர் மட்டும் அவள் பக்கம் திரும்பினார். அவள் அப்பா வயசு இருக்கும். "யாருடி நீ?"

"தங்கச்சி."

அவர் கையை ஓங்கினார். அவள் கண்ணை மூடவில்லை. அவர் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, "எங்களுக்கும்தான் தங்கச்சி இருக்கு!" என்று கத்தினார். அவர் வாயிலிருந்து தெறித்த ரத்தம் அவள் நெற்றியிலும் மூக்குக் கண்ணாடியிலும் விழுந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தவனைக் கையில் கிடைத்தால் கடித்துக் குதறியிருப்பாள்.

எதிர்த்தெருவிலிருந்த காவல் நிலையத்திலிருந்து போலீஸ் வர இருபது நிமிஷம் ஆயிற்று.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அண்ணனைச் சக்கரக் கட்டிலில் கிடத்தினார்கள். விலா எலும்பு மூன்று. மூக்கு. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும். கன்னத்தில் பதினோரு தையல் போட்ட பிறகு, பல் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். அண்ணனின் வாயை விரித்து, விளக்கைத் திருப்பி, ஒரு கம்பியின் முனையால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போனார். விரலை வைத்து ஆட்டிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து தட்டினார்.

"எத்தனை பேர் அடிச்சாங்க?"

"முப்பது பேர் இருக்கும் டாக்டர்" என்றாள் அவள்.

"எதால?"

"பெட்டியால. காலால. வாயிலயே மிதிச்சாங்க."

"ஒண்ணுகூட ஆடலையே. ஒரு முனை லேசா ஒடஞ்சிருக்கு, அவ்வளவுதான். முப்பத்திரண்டும் கல்லு மாதிரி நிக்குது. அதிர்ஷ்டக்கார மனுஷன்."

"அதிர்ஷ்டம் இல்ல டாக்டர்." அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இவர் வீட்ல சாப்பிடறவர். நான் காய் போட்டுச் சமைக்கறேன். முப்பது பேர் அடிச்சு ஒரு பல்லு விழலை. இவர் ஒரு அறை அறைஞ்சு நாலு பல்லு விழுந்துச்சு. இதை எழுதுங்க டாக்டர், தயவுசெஞ்சு எழுதுங்க. ஈறு நல்லா இருந்தா பல்லு விழாதுன்னு எழுதுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். அவருக்கு அவள் மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. "விழாத பல்லை எந்த இடத்துல எழுதறதும்மா?" என்றார்.

 புத்தகத்தின் எழுபதாயிரம் எண்களில் கெட்டியான பல்லுக்கு எண் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். டாக்டர் விலா எலும்பு, மூக்கு, விரல்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வாசலில் காத்திருந்த போலீஸ்காரர் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல ஆகிருதியான மனிதர். தொடையின்மேல் படிவத்தை விரித்தார். ஆலை நிர்வாகம் கொடுத்த புகாரும், காப்பீட்டுக் கம்பெனியின் தாளும் அதோடு குத்தப்பட்டிருந்தன.

"ஒரே அறை. நாலு பல்லு. ஆள் காலி" என்று படித்துவிட்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "குத்துச்சண்டை ஏதாவது பழகினவனா?"

அண்ணனால் வாயைத் திறக்க முடியவில்லை. "இல்ல சார்" என்றாள் தங்கை.

"எந்தக் கை?"

அண்ணன் கட்டுப் போட்ட வலது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நீட்டினான். போலீஸ்காரர் அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். கட்டோடு சேர்த்தும் அது அவர் கையில் பாதிதான் இருந்தது. மணிக்கட்டை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்தார். விரல்கள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. "பாத்தா தெரியலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தக் கையைப் பத்திரமாகப் போர்வையின்மேல் திருப்பி வைத்துவிட்டு, குற்றவாளியின் உடல்வாகு என்ற கட்டத்தில் 'பலசாலி' என்று எழுதினார்.